தோல் வாங்குகிறவருக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு?

வாஹித் பாஷாவை ஒரு மோட்டார் சைக்கிள் கெடுத்துவிட்டது என்று ஆம்பூர் பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்வதற்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்? நான் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பெயர் தானியேல். அந்த வண்டியை நட்டு நட்டாகக் கழற்றித் துடைத்து மாட்டியவன் நான். அந்த வண்டி அவருக்கு ஒருநாளும் துரோகம் செய்ததில்லை. வேறு யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவரோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். வாணியம்பாடியில் ஒரு விறகு டிப்போவில் உட்கார்ந்து பாரம் நிறுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வாஹித் பாஷா மேல்விஷாரத்துக்காரர். மீசை முளைக்கும் முன்பே ஆம்பூருக்கு வந்து, நிசார் அஹமது சாயபுவின் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொட்டியில், சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியவர். கால் வெந்து, கை வெந்து, கடைசியில் தோலைத் தொட்டுப் பார்த்தே சொல்கிற ஆளானார். சாயபு அவரைக் குழியிலிருந்து எடுத்துச் சந்தைக்கு அனுப்பினார். பேர்ணாம்பட்டு, குடியாத்தம், ஆலங்காயம், ஒடுகத்தூர் என்று சந்தை சந்தையாகச் சைக்கிளில் போய்ப் பச்சைத் தோல் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான் அவர் வேலை. ஒல்லியான மனிதர். சிரித்தால் மட்டும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் தோல் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எந்த விரலைப் பிடிக்கிறான், எப்படி அழுத்துகிறான் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவது தெரியும், அவ்வளவுதான். முழுக் கையையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றிப் பேசியவன் அந்தச் சந்தைக்குள் மறுபடி தலைகாட்ட முடியாது. துண்டுக்கு அடியில் பிடித்த கை பொய் சொல்லாது என்று வாஹித் பாய் நம்பினார். தொழுகையை நம்புகிற மாதிரி நம்பினார்.

இதில் முதலாளியின் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள். பணம் அவருடையது. விலையோ துண்டுக்கு அடியில். வாங்குகிறவன் வந்து சொல்வதுதான் கணக்கு. அதனால் தோல் வாங்குகிற ஆளுக்கு ஒரே சொத்து, முதலாளி அவன் சொல்லை நம்புவது. அந்த நம்பிக்கைக்கு அடையாளம், அவன் வசதியாகத் தெரியாமல் இருப்பது. கையில் காசு இருந்தாலும் ஒட்டுப்போட்ட சட்டையோடுதான் சந்தைக்குப் போவார்கள். ஒரு பெரியவர் மகளுடைய நிக்காஹ்வைக் கொஞ்சம் தடபுடலாகச் செய்தார். அடுத்த மாதம் அவருக்கு வேலை இல்லை. யாரும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சந்தைக்கு வேறு ஆள் போனான்.

இப்படிப்பட்ட பிழைப்பில் இருக்கிற மனிதருக்குத்தான் அந்த ஆசை வந்தது.

ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஒருவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகனோடு சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஓர் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஐந்நூறு சிசி, பெங்களூரில் பந்தயம் ஓட்டிய வண்டி. சிவப்பு டாங்க், பளபளவென்று இரண்டு புகைக்குழாய். விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்க்கலாம் என்று நான்தான் பாயைக் கூட்டிப் போனேன். துரை ஓர் உதை உதைத்தார். வண்டி கர்ஜித்தது. வாஹித் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு நிக்காஹ் ஆன அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை, நான் பக்கத்திலேயே இருந்தவன்.

அதற்குப் பிறகு வந்த காரணங்களெல்லாம் தேடிப் பிடித்த காரணங்கள். ஆனாலும் அவர் நியாயமான மனிதர், சாதகம் பாதகம் இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றார். என் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். அவர், நான், அவருடைய மச்சான் சத்தார்.

சத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயின் ஒரே தங்கை பில்கிஸைக் கட்டியவர். அதே தோல் ஷாப்பில் காய்கிற தோலை எண்ணி அடுக்குகிற வேலை. சந்தைக்குப் போகிற வேலையை எப்போதாவது பாய்க்குக் காய்ச்சல் வந்தால் பார்ப்பார். பேச்சு வெண்ணெய் மாதிரி இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்க ஆசைப்படுகிறாரோ அதைக் கண்டுபிடித்து எடுத்துக் கொடுப்பார். எனக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

"இன்னா தானியேலு, சொல்லு. நீதான் வண்டி தெரிஞ்சவன்," என்றார் பாய்.

"வேணாம் பாய்," என்றேன். "அது பந்தய வண்டி. நம்ம ரோட்டுல பாதி மண்ணு, மீதி பள்ளம். பாலாத்து மணல்ல இறக்கினா பின்சக்கரம் புதைஞ்சி நிக்கும். உங்க கைலி செயின்ல மாட்டினா காலு போய்டும். உதைக்கிறப்போ திருப்பி அடிச்சா கணுக்கால் காலி. ஒரு சாமான் உடைஞ்சா மெட்ராஸ்லருந்து வரணும். அதுவரைக்கும் என் கடையில தூங்கும்."

"கைலிக்குப் பதிலு பேண்ட் தெச்சிக்கறேன்."

"எருமை குறுக்க வந்தா?"

"எருமைக்கும் பேண்ட் தெச்சிக் குடுத்துடலாம்," என்று சிரித்தார். பக்கத்துத் தெரு திரும்பிப் பார்த்திருக்கும்.

இரண்டரை குதிரை சக்தியில் சின்ன வண்டி ஒன்று வேலூரில் இருந்தது. அதை வாங்குங்கள், பெட்ரோல் கம்மி, மணலில் தள்ளிக்கொண்டு போகலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். யானை கேட்டவனுக்கு ஆட்டுக்குட்டி காட்டிய மாதிரி ஆகிவிட்டது.

நல்லதும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் பச்சைத் தோல் சாயங்காலத்துக்குள் உப்பு காணாவிட்டால் மயிர் கழன்று நாறிப்போகும். சைக்கிளில் போகிறவர் ஒரு நாளைக்கு ஒரு சந்தைதான் பார்க்க முடியும். ராணிப்பேட்டை ஷாப்புகளுக்கு வாங்குகிற ஆட்கள் முந்திக்கொண்டு நல்ல தோலைப் பொறுக்கிவிடுவார்கள், மிச்சத்தைத்தான் இவர் வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் இருந்தால் காலையில் குடியாத்தம், மத்தியானம் பேர்ணாம்பட்டு. அப்புறம் முதுகு. பதினைந்து வருஷம் சைக்கிள் மிதித்து அவருக்கு முதுகு போய்க்கொண்டிருந்தது.

சத்தார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு இருந்தார். "ராணிப்பேட்டைக்காரனுங்க மூஞ்சியில மண்ணு அடிச்சிட்டு போலாம் மச்சான்," என்றார். பாய்க்கு அது போதும்.

பணத்துக்கு வழி இருந்தது. மேல்விஷாரத்தில் அவர் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு. தங்கையின் பாகத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் பாகத்தில் வாங்கிக்கொள்ளலாம். கள்ளப் பணம் ஒரு காசு கிடையாது.

தடை போட்டது அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான். வண்டியில் விழுந்து சாவீர்கள் என்று அழவில்லை அந்த அம்மாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்.

"முதலாளி இன்னா நினைப்பாரு?"

மறுநாள் பாய் என் கடைக்கு வந்தபோது முகம் தொங்கியிருந்தது. "அவ சொல்றது சரி, தானியேலு. மணல், எருமை, பெட்ரோல் எல்லாம் பார்த்தோம். இதைப் பார்க்கல. சாயபுகிட்டயே கார் கிடையாது, ஜட்காலதான் போறாரு. நான் போய் இந்த வண்டியில நின்னா, இவன் எத்தனை சந்தையில கை வெச்சான்னுதானே தோணும்? வேணாம், விட்டுடலாம்."

எனக்கு வருத்தமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

சத்தார்தான் முடிய விடவில்லை. "முதலாளிகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டா பேஜாரே இல்லையே மச்சான்," என்றார். "தோப்பு வித்த காசுன்னு தெரிஞ்சா அவரு எதுக்குத் தப்பா நினைக்கப் போறாரு?"

"நானே போய் எப்படிச் சொல்றது?"

அது அவர்கள் வழக்கம். சொத்து விற்கிறேன், பெண் கொடுக்கிறேன் என்று தன் வீட்டுச் சமாசாரத்தைத் தானே முதலாளி முன்னால் எடுத்துச் சொல்வது மரியாதை இல்லை. மாமனோ மச்சானோ போய்ப் பக்குவமாகக் காதில் போட வேண்டும். அவரே சொன்னால் எதையோ மூடி மறைப்பது போல ஆகிவிடும்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் சத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். பாயின் வலது கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டார். துண்டு அசைந்தது. பிறகு அசையாமல் நின்றது. கையை இறுக்கிவிட்டார் என்று பாயின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"முதலாளிகிட்ட நான் சொல்றேன். நீங்க வாங்குங்க."

வாஹித் பாயின் கண் கலங்கிவிட்டது. தோல் பேரம் பேசுகிற கையால் ஒருவன் வாக்குக் கொடுத்துவிட்டான், அதற்கு மேல் என்ன வேண்டும் அவருக்கு? வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் அந்த மனிதர், அப்புறம் சொன்னாயா, அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருப்பார். தோல் வாங்குகிறவர் கேட்க மாட்டார். இறுக்கிய கையை மறுபடி விசாரிப்பது, நீ திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

தோப்பு விற்பனை ஆற்காட்டில் பதிவானது. சாட்சிக் கையெழுத்துப் போட்டதே சத்தார்தான். வெளியே வந்ததும் பாய் எல்லோருக்கும் மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தார். அதிகம் தின்றதும் சத்தார்தான்.

வண்டி வந்தது. பாய்க்கு நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், பச்சகுப்பம் போகிற ரோட்டில். இரண்டு முறை விழுந்தார், ஒரு முறை வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் போனார். பிறகு கை பழகிவிட்டது. காக்கி பேண்ட், கண்ணுக்குக் கண்ணாடி, தலையில் இறுக்கிய துணி. பஜாரில் பையன்கள் பின்னாலேயே ஓடினார்கள். முதல் வேலையாகத் தோல் ஷாப் வாசலுக்குத்தான் போனார். நிசார் அஹமது சாயபு சத்தம் கேட்டு வெளியே வந்தார். வண்டியை முன்னும் பின்னும் நின்று பார்த்தார்.

"மாஷா அல்லா. நல்ல வண்டி," என்றார். உள்ளே போய்விட்டார்.

சாயபுவுக்குப் பின்னால் சத்தார் நின்றுகொண்டிருந்தார். பாய் அவரைப் பார்த்தார். சத்தார் சிரித்துத் தலையை ஆட்டினார். பாய் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாளிக்கு எல்லாம் தெரியும், ஆசீர்வாதம் செய்துவிட்டார் என்று என்னிடம் வந்து குதித்தார்.

நான் சொன்ன பாதகம் ஒவ்வொன்றும் நடந்தது. பாலாற்றில் புதைந்து, நாலு பேர் இழுத்து வெளியே போட்டார்கள். உதைத்தது திருப்பி அடித்து ஒரு வாரம் நொண்டினார். சாமான் உடைந்து வண்டி என் கடையில் தூங்கியது. ஆனால் சாதகமும் அத்தனையும் நடந்தது. ஒரே நாளில் இரண்டு சந்தை பார்த்தார். ராணிப்பேட்டை ஆட்கள் வந்து சேரும்போது இவர் நல்ல தோலையெல்லாம் பேசி முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருப்பார். அந்த வெயில் காலத்தில் சாயபுவின் ஷாப்பில் கெட்டுப்போன தோல் முன்னைப்போல் இல்லை, ரொம்பக் கம்மி. வண்டி பாய்க்குச் சம்பாதித்ததைவிட முதலாளிக்குத்தான் அதிகம் சம்பாதித்தது. இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

பக்ரீத் வந்தது. தோல்காரர்களுக்கு அதுதான் அறுவடை. மூன்று நாளில் குர்பானி கொடுக்கிற ஆடு மாடுகளின் தோலை வாங்குவதில்தான் அந்த வருஷத்து வாழ்வே இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் முதலாளி பாயைக் கூப்பிட்டனுப்பினார். அங்கே நடந்ததை பாய் அன்றே வந்து என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

"இந்த பக்ரீத்துக்கு சத்தார் போகட்டும்," என்றாராம் சாயபு. "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு."

பாய்க்குப் புரிந்துவிட்டது. எத்தனை பேருக்கு இப்படி ஓய்வு கிடைத்ததை அவர் பார்த்திருக்கிறார். "நான் இன்னா தப்பு செஞ்சேன் முதலாளி?"

"நான் தப்புன்னு சொன்னேனா?"

"வண்டிக்காகன்னா, அது தோப்பு வித்த காசு. மேல்விஷாரத்துத் தோப்பு. சத்தார்தான் சாட்சி. உங்ககிட்ட சொன்னானே."

சாயபு நிமிர்ந்து பார்த்தாராம். "யாரு, சத்தாரா? வண்டி வந்த அன்னிக்கே நானே அவனைக் கூப்ட்டுக் கேட்டேன். உன் மச்சானுக்கு ஏதுடா இத்தனை பணம்னு. அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'என் மச்சானைப் பத்தி என் வாயால இன்னா சொல்றது முதலாளி'ன்னான். தலையைக் குனிஞ்சிக்கிட்டான்."

சாயபுவே மேலே பேசினாராம்.

"நல்ல காசா இருந்தா சொந்த மச்சான் சொல்ல மாட்டானா, வாஹித்? உன் தங்கச்சி புருஷன். உன்னைக் காப்பாத்தத்தானே பார்ப்பான்? அவனே தலையைக் குனிஞ்சா நான் இன்னான்னு எடுத்துக்கறது?"

பத்திரத்தைச் சாயபுவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், நானும் வருகிறேன் என்று நான் கத்தினேன். பாய் மாட்டேன் என்றார். பதினைந்து வருஷமாக என் கையை நம்பியவருக்கு இப்போது காகிதம் காட்டி நான் திருடன் இல்லை என்று சொல்ல வேண்டுமா என்றார். கேட்ட பிறகு நீட்டுகிற காகிதத்தை சாயபு எப்படிப் பார்ப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். பொய்க்காரனும் காகிதத்தோடுதான் வருவான். எனக்கு அந்தச் சாயபுவின் மேலும் கோபம்தான். ஆனால் அவர் ஏமாற்றப்பட்டவர். ஏமாற்றியவர் வேறு.

"சத்தார் வாயால கேக்கணும்," என்று எழுந்தார். தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வழியில் அவர் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பில்கிஸுக்கு இது தெரியக் கூடாது, தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள், புருஷனோடு இருக்க மாட்டாள், நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அந்தத் தங்கையை அவர்தான் வளர்த்தார். சுண்ணாம்புக் குழியில் நின்ற கூலியில் அவளுக்குக் கொலுசு வாங்கிப் போட்டவர்.

சத்தார் வீட்டில் இல்லை. பேர்ணாம்பட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். பாய் போக வேண்டிய சந்தை. படுதாவுக்கு உள்ளேயிருந்து பில்கிஸ் பேசினார்கள். நான் வாசலில் வண்டியோடு நின்றேன். அண்ணனும் தங்கையும் உருதுவில்தான் பேசிக்கொள்வார்கள். இத்தனை வருஷம் ஆம்பூரில் இருந்தவனுக்கு அது புரியாதா?

"உள்ள வாங்க பாய்ஜான். சாப்டுங்க."

"வேணாம்மா. மச்சான் எப்போ வருவாரு?"

"லேட் ஆகும்." பிறகு அவர்களே கேட்டார்கள். "முதலாளி கூப்ட்டாரா?"

பாய் படுதாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உனக்கு எப்படித் தெரியும்?"

பாய் படுதாவுக்கு ஓர் அடி அருகே போனார்.

"அவரு சொல்றேன்னு என் கையைப் பிடிச்சாரு, பில்கிஸ். சொல்லல. அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"தோப்பு விக்கறதுக்கு முன்னாடியே. சொல்ல மாட்டேன்னு அப்பவே என்கிட்ட சொன்னாரு." குரல் நடுங்கவில்லை. யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. "எத்தனை வருஷம் பாய்ஜான் அவரு தோலையே எண்ணிட்டிருப்பாரு? நீங்க இருக்கறவரைக்கும் அவருக்குச் சந்தை கிடைக்காது. உங்களுக்கு ஊர்ல பேர் இருக்கு, நீங்க எங்கயாவது பொழைச்சிக்குவீங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் பாய். சந்தையில் அத்தனை பேர் நடுவே எடுபடுகிற குரல் அது. அப்போது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "என்கிட்ட வந்து ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா நீங்க வண்டி வாங்கியிருக்க மாட்டீங்களே," என்றார்கள் பில்கிஸ்.